மூழ்கிய செலவா, மீட்பிலாச் செலவா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஒருமுறை செய்துவிட்டால் திரும்பப் பெறவே முடியாத செலவை ஆங்கிலத்தில் 'sunk cost' என்கிறார்கள். அதற்கு வழங்கும் 'மூழ்கிய செலவு' என்ற ஆட்சியை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மடல்களும், 'மீளாச் செலவு' என்று மாற்றலாம் என்று ஒரு மடலும் வந்துள்ளன. தருமபுரியில் மேல்நிலை வகுப்புக்குப் பொருளியல் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு இரண்டிலும் தயக்கம் உண்டு.

'மூழ்கிய' என்பது வெறும் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு என்று தள்ளிவிட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். வட்டி ஏறி, மீட்கும் கெடு கடந்து, அடகு வைத்த நகை கைவிட்டுப் போனால் 'நகை மூழ்கிவிட்டது' என்றுதான் நாம் சொல்கிறோம். அந்த வழக்கே இந்தச் சொல்லுக்கு எதிரான சாட்சியும் ஆகிறது. மூழ்கிய நகை என்றால் இழப்பு. பொருளியலார் சொல்லும் இந்தச் செலவோ இழப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல நீர் கண்ட ஆழ்துளைக் கிணற்றுக்குக் கொடுத்த துளைக் கூலியும், 900 அடி போய்ப் புழுதி மட்டுமே கண்ட கிணற்றுக்குக் கொடுத்த துளைக் கூலியும் இந்த வகையில் ஒன்றே. இரண்டையும் இனி எவரிடமிருந்தும் திரும்பப் பெற முடியாது. மாணவர்களிடம் 'மூழ்கிய செலவு' என்று சொல்லி எடுத்துக்காட்டுக் கேட்டால், பத்தில் ஒன்பது பேர் நட்டக் கதையைத்தான் எழுதுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது.

நான் கல்லூரியில் முதலாமாண்டு படித்தபோது இந்தக் கருத்து ஆங்கிலப் பாடநூலில் அரைப் பக்கமாக வந்தது. தேர்வுக்கு எழுதினேன், விளங்கவில்லை. அந்தக் கோடையில் அப்பா, அம்மாவின் நகையை அடகு வைத்துப் போர் போட்டார். எங்கள் பக்கம் முழுவதும் கடும்பாறை. விரிசலில் நீர் அகப்பட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 640 அடி வரை வெள்ளைக் கல்தூள்தான் பறந்தது, வரப்போரத்துத் துவரையின் இலைகளெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆயின. வண்டிக்காரர் நிறுத்தலாமா என்று கேட்டார். "இவ்வளவு தூரம் போட்டுட்டு இப்ப விடறதா?" என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அப்பா 900 வரை இறக்கினார். ஆழம் கூடக் கூட அடிக்கான கூலியும் படிப்படியாக ஏறும் என்பது போர் போட்டவர்களுக்குத் தெரியும். ஆகவே கடைசி 260 அடிதான் அடிக்கணக்கில் மிகுந்த விலையுடையது. இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஓர் அடி கூடுதலாகப் போக ஆகும் செலவு, என்பதையும் நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

அதே அப்பா தக்காளியில் இப்படி ஒருநாளும் ஏமாந்ததில்லை. பாலக்கோட்டுச் சந்தையில் விலை சரிந்துவிட்டால், நாற்று, உரம், மருந்து, குச்சி நட்டுக் கட்டிய கூலி ஆகிய எதையும் வாயெடுக்காமல், பறிகூலியும் வண்டி வாடகையும் கமிஷனும் போகப் பெட்டிக்கு ஏதேனும் நிற்குமா என்று மட்டும் பார்ப்பார்; நிற்காது என்று தெரிந்தால் பழத்தைச் செடியிலேயே விட்டு ஆடுகளை ஓட்டிவிடுவார். பொருளியல் பாடம் எதிர்பார்க்கும் சிந்தனை இதுதான். ஆகவே நாம் எளிய மக்களுக்குப் புதிய சிந்தனை ஒன்றைக் கொண்டுபோகவில்லை. ஓரிடத்தில் அவர்கள் இயல்பாகச் செய்வதை மற்றோரிடத்திலும் செய்யத் தூண்டும் பெயர் ஒன்றைத் தேடுகிறோம்.

'மறக்கத்தக்க செலவு' என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அது செலவின் இயல்பைச் சொல்லாமல் அறிவுரையைச் சொல்கிறது. மேலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. 640 அடிக்குக் கொடுத்த பணத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் 640 அடித் துளையைச் சேர்த்தே ஆக வேண்டும். வேறிடத்தில் புதிதாகத் தொடங்கினால் முதல் அடியிலிருந்து கூலி கொடுக்க வேண்டும், இங்கே 641ஆம் அடியிலிருந்து கொடுத்தால் போதும். அப்பா இந்த ஒப்பீட்டைச் செய்து மேலே துளைத்திருந்தால் அது சரியான முடிவாகக்கூட இருந்திருக்கலாம். அவர் சொன்ன காரணம்தான் தவறு. மோட்டாரும் அப்படியே: அது விளைச்சல் கூடினாலும் குறைந்தாலும் மாறாத 'மாறாச் செலவில்' சேரும், ஆனால் விற்றால் ஒரு பகுதி கைக்கு வரும், வராத பகுதி மட்டுமே நாம் பேசும் செலவு.

'மீளாச் செலவு' நெருங்கி வருகிறது. ஆனால் இலங்கையில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் அரசுச் செலவை 'மீண்டுவரும் செலவினம்' என்கிறார்கள். 'மீளாச் செலவு' என்று கண்ட இலங்கை வாசகர், மறுபடி வராத செலவு, அதாவது நாம் 'தொடராச் செலவினம்' என்பது, என்று படிக்க இடமுண்டு. ஒன்றைத் தேர்ந்ததால் கைவிட்ட மற்றொன்றின் மதிப்பை (opportunity cost) நாம் வாய்ப்புச் செலவு என்கிறோம், அவர்கள் அமையச் செலவு என்கிறார்கள்; ஒரே கருத்துக்கு இரு கரைகளிலும் இப்படித் தனித்தனியாகச் சொற்கள் ஓடிக்கொண்டிருப்பது போதும்.

ஆகவே 'மீட்பிலாச் செலவு' என்று முன்மொழிகிறேன். மீள்வது தானாக வருவது. மீட்பது ஒருவர் முயன்று கொண்டுவருவது. நகை மீட்ட வீடுகளில் இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் நகையை இரண்டு ஆண்டுகளில் மீட்டோம், துளைக் கூலியை மீட்க வழியே இல்லை. 'மீட்கா' என்றால் இன்னும் மீட்காத என்றும் பொருள்படும். 'மீட்கவியலா' துல்லியமானது, ஆனால் நீளம். மீட்பு என்றால் தேவாலயம் நினைவுக்கு வருகிறது என்ற மறுப்பு வரலாம்; அடகுக் கடைப் பலகைகள் அதைச் சமன்செய்துவிடும்.

இந்தச் செலவில் மனம் சிக்கிக்கொள்வதற்கும் ஒரு பெயர் வேண்டும். உளவியல் ஆய்வாளர்கள் ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் புளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச்சீட்டு வாங்கியவர்களில் குலுக்கல்முறையில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்துப் பார்த்தபோது, முழு விலை கொடுத்தவர்களே பருவத்தின் முதல் பாதியில் கூடுதலான நாடகங்களுக்கு வந்தார்கள். இந்தச் சிக்கலை ஆங்கிலத்தின் 'fallacy' என்பதையொட்டித் தருக்க 'வழு' என்பது எனக்கு ஒப்பவில்லை, 'மயக்கம்' பொருந்துகிறது. கட்டுரைக்கு 'மீட்பிலாச் செலவு மயக்கம்' இருக்கட்டும். வகுப்பில் நான் 'போட்ட காசு மயக்கம்' என்று சொல்லவிருக்கிறேன்; குழு இதைக் கொச்சை என்று கருதினால் மாற்றுச் சொல்லோடு எழுதுமாறு வேண்டுகிறேன்.

அன்புடன்,
தருமபுரியிலிருந்து ஓர் ஆசிரியர்