காலையிலிருந்து மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறான், மாத்திரை கொடுக்கலாமா?

கேள்வி:
எங்கள் மணி நாட்டு நாய், 3 வயது, 16 கிலோ. விடியற்காலையிலிருந்து 4 தடவை வாந்தி எடுத்துவிட்டான். முதலில் சோறு வந்தது, அப்புறம் வெறும் மஞ்சள் நுரை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்துவிடுகிறது. கூப்பிட்டால் வாலை ஆட்டுகிறான், எழுந்து வரமாட்டேன் என்கிறான். நாங்கள் சாப்பிடும் வாந்தி மாத்திரை வீட்டில் இருக்கிறது, பாதி கொடுக்கலாமா? டாக்டர் 10 மணிக்குத்தான் வருவார்.

செவலை வீடு:
மாத்திரை வேண்டாம் தம்பி. அந்த மஞ்சள் பித்தநீர். வயிறு காலியாகிவிட்டால் எந்தக் காரணத்தால் வாந்தி வந்தாலும் கடைசியில் அதுதான் வரும். ராத்திரிப் பட்டினியால் காலையில் ஒரு தடவை நுரை கக்கிவிட்டு, உடனே சோறு கேட்கிற நாய்க்குப் பயமில்லை. மணி அப்படி இல்லையே. ஈறு வெளுத்திருக்கிறதா? வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வராமல் தவிக்கிறானா? அப்படியென்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நேற்று என்ன சாப்பிட்டான்?

கேள்வி கேட்டவர்:
ஈறு ரோஸ் நிறம்தான், வயிறும் உப்பவில்லை. நேற்று மதியம் தங்கைக்கு வளைகாப்பு. மீந்த சேமியா பாயசத்தை அம்மா ஒரு கிண்ணம் நிறைய வைத்தார்கள். முதல் வாந்தியில் உப்பிய திராட்சை கிடந்தது.

செவலை வீடு:
அப்படியானால் 10 மணி வரை காத்திருக்காதீர்கள், இப்போதே திறந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். திராட்சை, அதிலும் உலர்ந்தது, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எல்லா நாய்க்கும் ஆவதில்லை, ஆனால் எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதலில் வாந்தி, ஓரிரு நாளில் சிறுநீர் குறையும், அப்புறம் நிற்கும். இடையில் நாய் தெளிந்தமாதிரி இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்லுங்கள், பாயசத்தைக் கட்டாயம் சொல்லுங்கள்.

தோட்டத்துக்காரர்:
உப்புத் தண்ணீர் கொடுத்தால் மிச்சமும் வந்துவிடுமே?

செவலை வீடு:
வேண்டாம் ஐயா. உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரலாம். மேலும் நேற்று மதியம் தின்றதில் பெரும்பகுதி இதற்குள் குடலுக்குப் போயிருக்கும். சாம்பாரில் வெங்காயம் தின்றிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அது சில நாள் கழித்துத்தான் தெரியும்.

கேள்வி கேட்டவர் (4 நாள் கழித்து):
அன்றே டிரிப்ஸ் ஏற்றினார்கள், 3 நாள் தொடர்ந்தது. கிரியேட்டினின் முதல் நாள் சற்று அதிகம், நேற்று சரியான அளவுக்கு வந்துவிட்டது. இன்று குழைந்த சோறும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாக 4 வேளை கொடுத்தேன், வாந்தியே இல்லை. அம்மாதான் அழுதுகொண்டே இருந்தார்கள். மணி போய் அவர்கள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டான்.

செவலை வீடு:
மனசு நிறைந்தது தம்பி. அம்மாவிடம் சொல்லுங்கள், இது நிறையப் பேருக்குத் தெரியாது. சிறுநீர் எவ்வளவு போகிறான் என்று இன்னும் ஒரு வாரம் கவனியுங்கள்.