‘ராஜி’ ஆனார்கள்: ஜோதிட ராசியா, அரபுச் சொல்லா?

பென்னாகரத்தான்:
“வரப்புத் தகராறு ராசியாயிடுச்சு” என்று தருமபுரிப் பக்கம் சொல்கிறோமே, அது ஜோதிட ராசிதான். ராசிப் பொருத்தம் என்றால் ஒத்துப்போவது. சண்டை ஓய்வதும் அதுதானே? ஊர்க்காரர் வாயில் ‘ச’தான் வருகிறது. அரபு வரைக்கும் எதற்குப் போகணும்?

ஓசூர் வாசகி:
ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் காது கொடுத்துக் கேளுங்க. கன்னடத்திலும் தெலுங்கிலும் சமரசம் ‘ராஜி’, ஜோதிடம் ‘ராசி’. இரண்டும் கலப்பதில்லை. அரபியில் ‘மனம் ஒப்பியவர்’ என்று பொருள். பாரசீகம், உருது வழியே வந்தது. அந்த அரபுச் சொல்லின் நடுவில் இருப்பது ‘ரமளான்’ என்பதில் வரும் அதே எழுத்து. பாரசீகம், உருது வழியே வரும்போது அது ‘ஜ’ ஆவதால்தான் ‘ரம்ஜான்’ என்றும் சொல்கிறோம். ஆஜர், ஜாமீன், ஜப்தி, ஜில்லா எல்லாமே அந்த எழுத்துள்ள சொற்கள்தான். கச்சேரியோடு, அதாவது அந்தக் காலத்து அரசு அலுவலகம், நீதிமன்றத்தோடு வந்த சொற்கூட்டத்தில் ராஜியும் ஒன்று.

பென்னாகரத்தான்:
அப்படியென்றால் ராஜிநாமா ஏன் வேலையை விடுவதாயிற்று? ஒப்புதல் எங்கே, விலகல் எங்கே?

ஓசூர் வாசகி:
நாமா என்றால் பத்திரம். உருதுவில் இன்றைக்கும் ராஜிநாமா என்றால் சமரசப் பத்திரம்தான். குடியானவரிடம் சர்க்கார் நேரடியாக நிலவரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நிலத்தை விட்டுவிடும் குடியானவர் “எனக்குச் சம்மதம்” என்று சர்க்காருக்கு எழுதிக்கொடுத்ததும் ராஜிநாமா. நிலத்தை விடுவது பிறகு பதவியை விடுவதாக நீண்டது என்பது என் கணிப்பு. 1792இல் பாராமகால் என்ற நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் அதன் அதிகாரிகள் ரீடும் மன்றோவும் ரயத்துவாரியைத் தொடங்கியது நம்ம மண்ணில்தானே!

அரூர் வக்கீல்:
‘மனம் ஒப்பியவர்’ என்ற பொருளை நீதிமன்றம் இன்னும் விடவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 23 விதி 3: ராஜி எழுத்தில் இருக்கணும், தரப்பினர் கையெழுத்திடணும். ஊரில் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, நடக்கும் வழக்கில் தாக்கல் செய்யாமல் விட்டால் அது தீர்ப்பாணை ஆகாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மைனருக்குப் பங்கிருந்தால் கட்டளை 32 விதி 7படி நீதிமன்ற அனுமதி கட்டாயம். இல்லையென்றால் அந்த மைனர் தரப்பு பிறகு அதை உடைத்துவிடலாம்.

பென்னாகரத்தான்:
‘ஜ’வை ஏற்கிறேன். ஆனால் “அந்த மாடு எனக்கு ராசியாகல” என்கிறோமே? அங்கேயும் ‘ஆகு’தானே வருகிறது?

ஓசூர் வாசகி:
அதில் ‘எனக்கு’ என்று ஒருவர் போதும். ராஜிக்கு இரண்டு தரப்பு வேண்டும். ‘பண்ணு’ சேர்த்துப் பாருங்க: வழக்கை ராஜி பண்ணலாம், மாட்டை ராசி பண்ண முடியாது.