பைத்தான் ஷெல்லில் அழகுக்காக ரெப்ரைத் திருத்தலாமா?

அரைப்புள்ளி:
எங்கள் பில்லிங் நிரலில் ‘விலை’ என்றொரு கிளாஸ் உண்டு. ஷெல்லில் (கட்டளையைத் தட்டியதும் விடை காட்டும் திரையில்) அதைத் தட்டினால் கோண அடைப்புக்குறிக்குள் நினைவக முகவரிதான் வருகிறது என்பதால், ‘₹1,250.00’ என்று காட்டும்படி அதற்கு ஒரு ரெப்ர் (__repr__, ஷெல்லில் எப்படித் தெரியவேண்டும் என்று சொல்லும் செயற்கூறு) எழுதிவிட்டேன். கணக்கைக் கண்ணால் சரிபார்க்கத்தானே ஷெல்லைத் திறக்கிறோம்? சக ஊழியர் ஒருவர் இதைத் தவறு என்கிறார்.

பாம்புப்பிடாரன்:
அவர் சொல்வது சரி, நண்பரே. படிப்பவருக்கான வடிவம் ஸ்ட்ர் (__str__). ரெப்ர் பிழை தேடுபவருக்கானது. உள்ளே டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) இருக்கவேண்டிய இடத்தில் தப்பித்தவறி ஒரு ஃப்ளோட் (தோராயமாக வைக்கும் வகை) புகுந்து 1249.9999 என்று கிடந்தாலும், உங்கள் திரையில் ₹1,250.00 என்றுதான் தெரியும். எண் கணக்கீட்டு நூலகமான நம்பை 2.0 வெளிவந்தபோது (2024), அதுவரை 3.0 என்று காட்டிய மதிப்பை என்பி.ஃப்ளோட்64(3.0) என்று காட்டத் தொடங்கியதும், அதைப் பைத்தானின் சொந்த ஃப்ளோட் என்று எண்ணி எவரும் ஏமாறக்கூடாது என்பதற்காகத்தான்.

அரைப்புள்ளி:
நம்பையை நீங்களே இழுத்தது எனக்கு வசதி. பழைய தோற்றமே வேண்டுமென்பவர்கள் அச்சு அமைப்பில் லெகசி 1.25 என்று கொடுத்து அதை மீட்டுக்கொள்ள அவர்களே வழிவிட்டிருக்கிறார்கள்.

பாம்புப்பிடாரன்:
அந்த வழி பார்ப்பவர் கையில் இருக்கிறது. நீங்களோ கிளாஸுக்குள்ளேயே அழகைத் திணிக்கிறீர்கள். ஷெல்லில் விடையைத் திரையில் காட்டும் செயற்கூறான சிஸ்.டிஸ்ப்ளேஹுக் பைத்தான் 2.1 முதல் இருக்கும்போது அதை மாற்றிக்கொள்ளலாமே.

அரைப்புள்ளி:
என் ரெப்ரை எடுத்துவிட்டு அதை மாற்றிப் பார்த்தேன். ஒற்றை விலை அழகாக வந்தது. மூன்று விலைகள் கொண்ட லிஸ்டைத் தட்டியதும் பழைய முகவரிகளே வரிசைகட்டின. ஏனெனில் ஹுக்கின் கைக்கு வருவது லிஸ்ட் மட்டும்தான், உள்ளே இருப்பவற்றுக்கு லிஸ்ட் நேரே ரெப்ரைத்தான் அழைக்கிறது. போதாக்குறைக்கு, விடையை அண்டர்ஸ்கோர் (_) என்ற பெயரில் சேமிப்பதும் அதே ஹுக்கின் வேலை என்பதை நான் மறந்ததால், முந்தைய விடையை எடுத்தாளும் வசதியும் போயிற்று.

இரவுக்காகம்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பைத்தானின் மேம்பட்ட ஷெல்லான ஐபைத்தானில் எளிய உரைக்கான ஃபார்மேட்டரிடம் ஃபார்_டைப் மூலம் ‘விலை’யைப் பதிவுசெய்தால், அது லிஸ்டுக்குள்ளும் டிக்ஷனரிக்குள்ளும் இறங்கி உங்கள் வடிவத்தையே காட்டும். ஸ்டார்ட்அப் கோப்புறையில் ஒரு சிறு கோப்பு போதும். கிளாஸைத் தொடவே வேண்டாம்.

அரைப்புள்ளி:
செய்து பார்த்தேன், லிஸ்டிலும் சரியாக வருகிறது. ரெப்ரை விலை('1250.00') என்று மாற்றி, ரூபாய்க் குறியை ஸ்ட்ருக்கு அனுப்பிவிட்டேன். ஆனால் சர்வரில் எங்களுக்கு இருப்பது வெறும் பைத்தான் ஷெல். நள்ளிரவில் அங்கே நாற்பது விலைகளை மேற்கோள்குறிகளுக்கு நடுவே தேடிப் படிக்கப்போவது நான்தான், பாம்புப்பிடாரன் அல்லர்.