ஜெர்மனியில புல்ஸ்னிட்ஸ் வந்து அஞ்சு வாரமாச்சு, வரி எண் வரல. இந்த ஊர்ல என்னதான் இருக்கு?

புதுவரவு:
வணக்கம். எனக்கு ட்ரெஸ்டன்ல சிப் கம்பெனி வேலை. அங்கே வீடு கிடைக்காம, ரயில்ல ஏறத்தாழ 40 நிமிஷம் தள்ளி புல்ஸ்னிட்ஸ்ல எடுத்தோம். நான், கணவர், எட்டு மாசக் குழந்தை. கூட சேர்ந்தவங்க எல்லாருக்கும் வரி எண் கடிதம் வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரல. சம்பளத்துல எக்கச்சக்கமா பிடிச்சுட்டாங்க. ஆறு மணிக்கு மேல தெருவுல ஆளே இல்லை. தப்பான ஊருக்கு வந்துட்டோமா?

தரங்கைவாசகன்:
தப்பான ஊரே இல்லைங்க. தமிழ் அச்சடிப்பைப் பத்திப் பேசினா இந்த ஊரைச் சொல்லாம முடியாது. தமிழ்ல பைபிளை அச்சடிச்ச பாதிரியார் சீகன்பால்கு 1682 ஜூலை 10 அன்னைக்குப் பிறந்தது இங்கேதான். பக்கத்து காமென்ஸ்லயும் அப்புறம் கோர்லிட்ஸ்லயும் படிச்சார், ஹாலே நகரத்துக்குப் போனார், 1706 ஜூலையில தரங்கம்பாடியில இறங்கினார். ஹாலேயில வார்த்து அனுப்பின தமிழ் எழுத்து ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்னுச்சு. அதனால தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்தாங்க. 1715-ல புதிய ஏற்பாடு தமிழ்ல அச்சாகி முடிஞ்சது. சந்தைச் சதுக்கத்துல நிக்கிற சிலை சீகன்பால்கு இல்லை, ரீட்ஷெல்ங்கிற சிற்பியோடது. அவரும் இந்த ஊர்க்காரர்தான், 1804-ல பிறந்தார். வைமார் நகரத்துல கவிஞர்கள் கோத்தேயும் ஷில்லரும் சேர்ந்து நிக்கிற சிலை அவர் கைவேலை.

தேன்மாவு:
சதுக்கம் வரைக்கும் போனா பெஃபர்கூஹன்ங்கிற மசாலா கேக்குக்கான அருங்காட்சியகத்தையும் பாத்துடுங்க. 1558-லயே இந்த ஊர் ரொட்டிக்காரங்களுக்கு அதைச் சுட உரிமை கொடுத்துட்டாங்க. பேர்ல மிளகு இருக்கேன்னு காரமா நினைக்காதீங்க. வெளிநாட்டு மசாலா எல்லாத்துக்குமே அந்தக் காலத்துல 'மிளகு'ன்னுதான் பேர். தேன் அல்லது பாகுல மாவைப் பிசைஞ்சு, கொழுப்பும் பாலும் சேர்க்காம, வாரக்கணக்கா, சில நேரம் மாசக்கணக்கா ஊற விடுவாங்க. கல்லு மாதிரி இறுகிடும். அதை உடைச்சு, மசாலாவும் மான்கொம்பு உப்பும் சேர்த்துத் திரும்பப் பிசைவாங்க. சைவம் சாப்பிடுறவங்க அந்தப் பேரைப் பாத்துப் பயப்பட வேண்டாம், இப்ப அது வெறும் அம்மோனியம் உப்புதான். சுடும்போது அம்மோனியா வெளியேறணும். தடிமனா சுட்டா உள்ளேயே தங்கி நாத்தம் அடிக்கும். தட்டையா சுடுறது அதுக்குத்தான். நவம்பர் தொடக்கத்துல இதுக்குன்னே சந்தை நடக்கும், அன்னைக்கு மட்டும் தெரு நிறைய ஆள் பாப்பீங்க.

எல்பக்கரை:
ஊர்ப் பெருமை இருக்கட்டும். கைக்குழந்தையோட ட்ரெஸ்டன்லயே இருந்திருக்கணும் அக்கா. ரயில் பெரும்பாலும் மணிக்கு ஒண்ணுதான், ஒண்ணை விட்டா போச்சு. முகவரிப் பதிவையாவது ட்ரெஸ்டன்ல போட்டுடுங்க, வெளிநாட்டவர் அலுவலகம் பக்கம்.

தரங்கைவாசகன்:
தம்பி, இதைக் கேட்டுட்டுப் போய் மாட்டிக்கப் போறாங்க. குடியிருக்கிற ஊர்லதான் பதியணும், அதுவும் குடிவந்த ரெண்டு வாரத்துக்குள்ள. புல்ஸ்னிட்ஸ் பௌட்சன் மாவட்டம். வதிவிட அட்டைக்கும் அந்த மாவட்ட அலுவலகம்தான்.

வன்னிமைந்தன்:
குளிர் தொடங்கேக்கைதான் தெரியும் தங்கச்சி. ஞாயிறு கடை பூட்டு, இரவு பத்துக்குப் பிறகு சத்தம் போடேலாது. வாடகை ஒப்பந்தத்தைத் திரும்ப வாசியுங்கோ. வாசல் பனி தள்ளுறது உங்கட பொறுப்பு எண்டு எழுதியிருந்தால் விடிய ஏழு மணிக்கு முன்னம் தள்ளவேணும், ஆரும் விழுந்தால் நீங்கள்தான் பதில் சொல்லவேணும். பூஞ்சணம் பிடிச்சால் வைப்புப் பணத்திலை கை வைப்பினம். ஒரு நாளைக்கு மூண்டு தரம் சன்னலை முழுசாத் திறந்து அஞ்சு நிமிசம் விடுங்கோ. அரைவாசி திறந்து நாள் முழுக்க விட்டால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது.

எல்பக்கரை:
உண்மை அண்ணா. இந்த நாட்டுல எல்லாத்துக்கும் காகிதம், எல்லாத்துக்கும் தபால்...

கடிதப்பெட்டி:
அவங்க கேட்டது வரி எண். அஞ்சு வாரம்ங்கிறது வந்த நாளிலிருந்தா, பதிஞ்ச நாளிலிருந்தா? பதிஞ்ச பிறகுதான் எண்ணே உருவாகும். இன்னொண்ணு, கடிதப்பெட்டியில யார் பேர் ஒட்டியிருக்கு?

புதுவரவு:
பதிஞ்சே அஞ்சு வாரம் ஆச்சு. பெட்டியில வீட்டுக்காரர் ஒட்டின சீட்டு, கணவர் பேர் மட்டும். என் பாஸ்போர்ட்ல கடைசிப் பேர் என் அப்பா பேர்.

கடிதப்பெட்டி:
அனேகமா அதான் காரணம். இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பாக்க மாட்டார், கடைசிப் பேரைத்தான் பாப்பார். அந்தப் பேர் இல்லைன்னா கடிதம் திரும்பிடும். இன்னைக்கே பதிவுச் சான்றுல இருக்கிற எழுத்துக்கூட்டல் மாறாம மூணு பேரோட கடைசிப் பேரையும் பெட்டியிலயும் அழைப்பு மணியிலயும் ஒட்டுங்க. இனிஷியல் மட்டும் போட்டா செல்லாது. அடுத்து, கூட்டாட்சி மத்திய வரி அலுவலகத்தோட இணையப் படிவத்துல எண்ணைத் திரும்பக் கேளுங்க. போன்லயோ மின்னஞ்சல்லயோ சொல்ல மாட்டாங்க, தபால்லதான் வரும், சில வாரம் ஆகும். குழந்தைக்கும் சேர்த்துக் கேளுங்க, அரசு மாசாமாசம் தர்ற குழந்தைப் பணம் விண்ணப்பிக்க அந்த எண்ணும் வேணும். எண் இல்லாததால சம்பளப் பிரிவு வரி ரொம்ப அதிகமா பிடிக்கிற ஆறாம் வரி வகுப்புல பிடிச்சிருக்கலாம், சம்பளச் சீட்டுல பாருங்க. எண்ணைக் கொடுத்ததும் அடுத்த சம்பளங்கள்ல சரிபண்ணிடுவாங்க. விட்டுப்போனது வருட வரிக் கணக்குல திரும்பும்.

புதுவரவு:
சீட்டுல ஆறுன்னுதான் இருக்கு. பேரை இப்பவே எழுதி ஒட்டிட்டேன்.

கடிதப்பெட்டி:
மேலே ஒளிபுகும் டேப் ஒட்டுங்க, மழையில மை கரைஞ்சுடும்.