கார்லாவராக்: மூணு மூலைக் கோட்டை

வாணி: பெரியப்பா, ஸ்காட்லாந்து கார்லாவராக் கோட்டைக்குத் தெற்கால 200 மீட்டர்ல இன்னொரு கோட்டையோட அடித்தளம் இருக்கே, அது யாரோடது?

பெரியப்பா: ரெண்டுமே மேக்ஸ்வெல் குடும்பத்தோடதும்மா. தெற்கால இருக்கறது பழசு, 1220கள்ல கட்டினது. சால்வே கழிமுகத்தை ஒட்டின சதுப்பு நிலம் அது. அரை நூற்றாண்டுக்குள்ள அதை விட்டுட்டு, வடக்கால பாறைத்தளம் பார்த்துப் புதுசு கட்டினாங்க.

செந்தில்: புதுசோட காலம் தெரிஞ்சது அகழியிலதான். முதல் மரப்பாலத்தோட ஓக் கட்டைகள் சேத்துல புதைஞ்சு, காத்துப் படாம மக்காம கிடந்துச்சு. மரத்தோட குறுக்குவெட்டுல தெரியிற வருஷ வளையத்தை வச்சுப் பார்த்தா 1277ல வெட்டின மரம்.

வாணி: வளையத்தை எண்ணினாலே வருஷம் வந்துடுமா?

செந்தில்: எண்ணினா மரத்தோட வயசுதான் வரும் வாணி. அகல வளையம், குறுகின வளையம் வர்ற வரிசையை, வருஷம் தெரிஞ்ச மரங்களோட பொருத்தணும். பட்டை ஓர வளையம் இல்லேன்னா வெட்டின வருஷம் கிடைக்காது.

வாணி: சரி, ஏன் முக்கோணம்?

பெரியப்பா: வடக்கு மூலையில இரட்டைக் கோபுர வாசல், தெற்கு மூலை ரெண்டுலயும் ஒவ்வொரு வட்டக் கோபுரம். நாலு பக்கத்துக்குப் பதிலா மூணு மதிலைக் காத்தாப் போதும். 1300 முற்றுகையைப் பத்தின பிரெஞ்சுப் பாட்டுலயே கேடயம் மாதிரின்னுதான் வருது.

செந்தில்: அந்த ஜூலையில இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் சுமார் 3,000 பேரோட வந்தார். உள்ள இருந்தது 60 பேர்தான். ரெண்டே நாள்ல சரணடைஞ்சாங்க.

வாணி: இவ்வளவு பெரிய அகழி இருந்துமா?!

செந்தில்: அகழி இருந்தா மதிலுக்கு அடியில சுரங்கம் தோண்ட முடியாது, ஏணியும் கிட்ட வராது. ஆனா கல்லெறி பொறி தண்ணிக்கு மேலாலயே அடிக்கும். எட்வர்ட் அதைத்தான் கொண்டுவந்தார். உதவிக்குப் படை வர்ற வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான் நீரரண். படை வரலேன்னா வெறும் தண்ணி என்ன செய்யும்?

பெரியப்பா: 1312ல யூஸ்டஸ் மேக்ஸ்வெல் ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் பக்கம் சேர்ந்து, ஆங்கிலேயர் கைக்குப் போகக்கூடாதுன்னு தன் கோட்டையைத் தானே இடிச்சார். அப்புறம் திரும்பக் கட்டினாங்க. வாசல் கோபுர உச்சியில வெளியே நீட்டிக்கிட்டு இருக்கிற கல்வரிசை 15ஆம் நூற்றாண்டு வேலை. அடியில இருக்கிற கல்லோட சேர்த்து ஒரே காலம்னு நினைச்சுடாதே.

வாணி: உள்ள சன்னலுக்கு மேல சிற்பம் வச்ச மாளிகை?

பெரியப்பா: அது 1634. மேக்ஸ்வெல் குடும்பத்து முதலாம் நித்ஸ்டேல் பிரபு கட்டினது. எவ்வளவு நுணுக்கமான வேலைப்பாடு! ஆறே வருஷம்தான். 1640ல கவனன்டர் படை, அதாவது மன்னரோட மதக் கொள்கையை எதிர்த்த ஸ்காட்லாந்துக்காரங்க படை, 13 வாரம் முற்றுகை போட்டுப் பிடிச்சது. தெற்கு மதிலையும் தென்கிழக்குக் கோபுரத்தையும் இடிச்சுட்டாங்க. முற்றத்துல நின்னு தெற்கால பார்த்தா நேரா அகழித் தண்ணிதான்.

வாணி: தென்மேற்குல தனியா நிக்கிறது?

செந்தில்: மர்டாக் கோபுரம். தெற்குல இடிபடாம மிஞ்சினது அது ஒண்ணுதான்.