மறுமொழி: 'வளைசுருள்' வேண்டாம், 'நொடிசுருள்' எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கணினி விசைப்பலகையில் சுருள்வில் மடங்கி எழுத்தைப் பதியவைக்கும் பக்ளிங் ஸ்பிரிங் (buckling spring) விசைக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில், 'வளைசுருள்' என்று வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. வளைதல் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. ஐபிஎம் மாடல் எம் விசைப்பலகையில் நடப்பது வேறு.

1985இல் வந்த அந்தப் பலகையில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் ஒரு சுருள்வில் நிற்கிறது. அழுத்த அழுத்த அது எதிர்த்துக்கொண்டே வரும். ஓர் எல்லை தாண்டியதும் தாங்கமாட்டாமல் பக்கவாட்டில் மடங்கிவிடும். ஈர்க்குச்சியின் இரு முனைகளையும் பிடித்து நெருக்கினால் திடீரென்று நடுவில் விலகுமே, அப்படி. அதே வேகத்தில் அடியிலுள்ள சிறு சுத்தியல் சாய்ந்து, மின்தொடர்பு தரும் மெல்லிய நெகிழித் தாளான மென்படலத்தைத் தட்டும். விரலில் பாரம் குறைவதும், 'டக்' என்று கேட்பதும், எழுத்து பதிவதும் ஒருசேர நடக்கின்றன. சாதாரண ரப்பர் குமிழ்ப் பலகையில் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழுந்தது என்று நம்பலாம். இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும் இந்தப் பழைய பலகையை இன்றும் தேடி வாங்குகிறார்கள் என்றால் அதற்கு முதல் காரணம் இந்த ஒத்திசைவுதான். பழமைப் பாசமெல்லாம் அப்புறம்.

இதைச் சொல்ல நம்மிடம் 'நொடி' இருக்கிறது. விரலை நொடித்தால் ஓசை வரும். தொழில் நொடித்தது என்றால் தாங்கமுடியாமல் சரிந்தது என்று பொருள். நொடிப்பொழுது என்பதில் விரைவு இருக்கிறது. ஓசை, சரிவு, விரைவு மூன்றும் இந்த விசைக்கு உரியவை. 'நொடிசுருள்' வினைத்தொகை, ஆகவே ச் மிகாது. 'நொடிச்சுருள்' என்று எழுதினால் நேர அளவைக் குறிப்பதாகிவிடும், அதில் கவனம் தேவை.

'ஒலிவிசை' என்ற இன்னொரு பரிந்துரையும் நல்ல சொல்தான், ஆனால் அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம். செர்ரி எம்எக்ஸ் நீலம் என்ற வேறு வகை விசையும் ஒலிக்கும். ஆனால் அங்கே சுருள் மடங்குவதால் ஒலி வருவதில்லை; ஒலி எழுப்பும் பாகம் வேறு, மின்தொடர்பு தரும் தகடு வேறு.

மென்படலத்தை வைத்து 'படலச்சுருள்' என்றாலும் சரிவராது. 1981இல் ஐபிஎம் பிசியுடன் வந்த மாடல் எஃப் பலகையிலும் சுருள் இப்படித்தான் மடங்கும், ஆனால் அதில் மென்படலமே கிடையாது. மின்தேக்கத்தின் (மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்) மாற்றத்தை வைத்தே அழுத்தம் உணரப்படுகிறது. இரண்டுக்கும் பொதுவானது அந்த மடங்கல் ஒன்றுதான்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கட்டடப் பொறியியல் படித்தவர்கள் தூண் பக்கவாட்டில் மடங்குவதற்கு என்ன சொல் புழங்குகிறார்கள் என்பதையும் சொன்னால் நல்லது. 1972இல் இந்த விசைக்குக் கிடைத்த காப்புரிமையே சுருளை ஒரு தூணாகத்தான் பார்க்கிறது.