பாணை விடாமல் உடம்பைக் குறைக்க ஏலுமா?

மருதடி:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு, கதிரையில இருந்து செய்யிற வேலை. பிரஷர் கொஞ்சம் கூடிப்போச்சு, எட்டுக் கிலோவாவது குறைக்கச் சொல்லி கிளினிக்கில டொக்டர் சொல்லிப்போட்டார். சோத்தைக் குறைச்சிட்டன், அது பெரிய பாடாய் இல்லை. பாண்தான் பிரச்சினை. எங்கட வீட்டில கிழமையில பாதி நாள் இரவுச் சாப்பாடு பாண். பின்னேரம் போறணையால இறக்கின கையோட இவர் வாங்கிக்கொண்டு வருவார். சம்பலும் சொதியும் இருந்தால் அரை இறாத்தல் போறதே தெரியாது. வேலை செய்யிற இடத்தில எல்லாரும் "பாணை அடியோட நிப்பாட்டு" எண்டு சொல்லினம். எனக்கு அது ஏலாது. எவ்வளவு சாப்பிடலாம்? வாட்டிச் சாப்பிட்டால் கலோரி குறையுமா? குரக்கன் பாணுக்கு மாறட்டோ?

வடலி:
தங்கச்சி, பாண் முழுக்கக் கோதம்ப மா. அதை விட்டிட்டு இரவில புட்டோ இடியப்பமோ சாப்பிடுங்கோ. எங்கட அம்மாக்கள் அப்பிடித்தானே இருந்தவை.

போறணைவாசல்:
வடலி அண்ணை, கோவிக்காதேங்கோ, இதில நான் ஒத்துவரமாட்டன். கோதம்ப மாவெண்டாலும் அரிசி மாவெண்டாலும் 100 கிராமில 350, 360 கலோரி இருக்கு. புட்டுக்குத் தேங்காய்ப்பூவும் சேருது. அம்மாக்கள் புட்டுச் சாப்பிட்டு மெலிவாய் இருந்தது தோட்டத்தில இறைச்சு, கிணத்தில அள்ளி, நடந்து திரிஞ்சதால.

மருதடி அக்கா, நான் பேக்கரி வீட்டுப் பிள்ளை. நெல்லியடிப் பக்கம் அப்பா விறகுப் போறணை வைச்சிருந்தவர். பாண் இல்லாத இரவு எனக்கு இரவே இல்லை. அதை விடாமல்தான் நான் உடம்பைக் குறைச்சனான், அதால கொஞ்சம் விரிவாய் எழுதுறன்.

முதல்ல கணக்கைப் பாருங்கோ. ஒரு இறாத்தல் பாண் 450 கிராம். வெள்ளைப் பாண் 100 கிராமில ஏறத்தாழ 265 கலோரி. அப்ப உங்கட அரை இறாத்தல் 600 கிட்ட வருது. அதோட ஒரு பிடி தேங்காய்ப்பூச் சம்பல், 40 கிராம் எண்டு வையுங்கோ, 140. முதல்பால் விட்ட சொதி இன்னும் ஒரு 100. ஒரு நேரச் சாப்பாடு 800ஐத் தாண்டியிட்டுது. இதில பாணை மட்டும் குற்றம் சொல்லி என்ன பிரயோசனம்?

நான் செய்யிறது இதுதான். பாணை வாங்கின உடன வெட்டுறேல்லை. ஒரு மணித்தியாலம் ஆற விடுவன். அப்பா கடையில சுடு பாணை வெட்டித் தரச்சொல்லி ஆக்கள் நிண்டால், "கொஞ்சம் பொறுங்கோ, உள்ளுக்கு இன்னும் வேகுது" எண்டுதான் சொல்லுவார். உண்மையாவே, சூட்டோட வெட்டினால் உள்ப்பக்கம் களிமாதிரி நசியும், மெல்லிசாய் வெட்டவும் வராது. கையால பிச்சால் ஒவ்வொரு துண்டும் உள்ளங்கையளவு வரும். ஆறின பாணைப் பல்லுக் கத்தியால மெல்லிசாய் வெட்டினால் ஒரு துண்டு 30 கிராம், 80 கலோரி. மூண்டு துண்டை எடுத்துப்போட்டு மிச்சத்தை உடனேயே பையில கட்டி ஃப்ரீசரில வைக்கிறன். பிறிட்ஜின் கீழ்த்தட்டில வைக்காதேங்கோ, அங்க வெளியில வைக்கிறதை விடக் கெதியாய் வறண்டு போகும். மேசையில முழுப் பாண் இருந்தால் நானும் சாப்பிடுவன், நீங்களும் சாப்பிடுவியள். மூண்டு துண்டு மட்டும் கோப்பையில இருந்தால் ஆறுதலாய், கரையை முறிச்சு, ருசி பார்த்துச் சாப்பிடலாம்.

அடுத்தது பக்கத்தில என்ன வைக்கிறம் எண்டது. எனக்கு இதுதான் எல்லாத்தையும் மாத்தினது. தேங்காய்ப்பூச் சம்பலுக்குப் பதிலாய்க் கட்டைச் சம்பல்: செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், கொஞ்சம் மாசிக் கருவாடு, உப்பு, இடிச்சு எடுத்துத் தேசிக்காய்ப் புளி. தேங்காய் ஒரு துளியும் இல்லை. பாணின்ர இனிப்புக்கும் அந்த உறைப்புக்கும் அப்பிடிப் பொருந்தும். பருப்பை இரண்டாம் பால் மட்டும் விட்டுத் தடிப்பாய்க் காய்ச்சுங்கோ, சின்ன உள்ளி நாலு தட்டிப் போட்டு. ஒரு அவிச்ச முட்டை, 75 கலோரி வரும், இல்லாட்டிச் சூடைமீன் குழம்பு. முருங்கையிலை வறை ஒரு அகப்பை. எல்லாத்தையும் கூட்டினாலும் 450 - 500க்குள்ள நிக்கும், வயிறும் விடியும்வரை கிடக்கும். வெறும் பாணும் சொதியும் எண்டால் பத்து மணிக்கே பசிக்கும், அதுதான் ஆபத்து.

வாட்டினால் கலோரி குறையாது, தண்ணிதான் போகும். ஆனால் வாட்டின துண்டு மொறுமொறுப்பாய் இருக்கிறதால மெல்ல நேரம் எடுக்கும், அதுக்காக வாட்டலாம். அதில மாஜரீன் பூசினால் ஒரு மேசைக்கரண்டிக்கு 100 கலோரி, கவனம். குரக்கன் மா தனிய எழும்பாது, ஆகையால் குரக்கன் பாணிலயும் பெரும்பகுதி கோதம்ப மாதான். நார் கொஞ்சம் கூட, கலோரி கிட்டத்தட்ட அதேதான். பிடிச்சால் வாங்குங்கோ. பிடிக்காததை மருந்து மாதிரித் தின்னாதேங்கோ, அது நிலைக்காது.

நெய்தல்:
போறணைவாசல் சொன்னது சரி. ஒண்டு மட்டும் சேர்க்கிறன். உங்களுக்கு சீனி வருத்தமும் இருந்தால், முக்கியமாய் மருந்தோ ஊசியோ எடுக்கிறவை எண்டால், இரவுச் சாப்பாட்டைச் சடாரெண்டு குறைக்க முதல் கிளினிக்கில கேளுங்கோ. சீனி இறங்கிப்போகலாம். பிரஷருக்கு இன்னொண்டு: பாணில உப்பு இருக்கு, மாசியிலயும் இருக்கு. கட்டைச் சம்பலுக்கு உப்பைப் பாத்துப் போடுங்கோ.

மருதடி:
சீனி இல்லை, போன மாதம் பாத்தது. உப்பு விசயம் யோசிக்கவே இல்லை, நன்றி. இன்னொரு கேள்வி. பின்னேரத் தேத்தண்ணியோட ஒரு சீனிப் பணிசும் போகும். அதையும் விடோணுமா? பிள்ளையளுக்குச் சம்பல் வேணும், அவைக்குத் தனியச் சமைக்கிறது கஷ்டம்.

போறணைவாசல்:
நெய்தல் சொன்ன உப்புக் கணக்கு நல்லது அக்கா, மாசி போட்டால் உப்பே தேவைப்படாது, தேசிக்காய் கூடப் பிழியுங்கோ.

பணிசை நான் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைச்சிருக்கிறன். மா, சீனி, மாஜரீன் மூண்டும் சேர்ந்த சாமான், வயிறு நிறையவும் மாட்டுது. தேத்தண்ணி பிளேன்ரீயாய்க் குடியுங்கோ, ரின்பால் ஒரு மேசைக்கரண்டி விட்டாலே 65 கலோரி.

பிள்ளையளுக்குத் தேங்காய்ப்பூச் சம்பலை இடியுங்கோ, அவைக்கு அது நல்லது. அதே உரலில முதல் உங்கட மிளகாயையும் வெங்காயத்தையும் இடிச்சு ஒரு கரண்டி எடுத்து வைச்சுப்போட்டு, பிறகு தேங்காய்ப்பூவைப் போடுங்கோ. எங்கட வீட்டில அப்பிடித்தான். பருப்பும் மீனும் எல்லாருக்கும் ஒண்டுதான்.